அங்கே குகை இல்லை, தண்ணீரில் ஊறிய பாறைதான் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கரியமில வாயுவைப் பூமிக்கு அடியில் செலுத்திச் சேமித்து வைப்பது பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையையும், அதற்குப் பிறகு வந்த வாசகர் கடிதங்களையும் படித்தேன். கட்டுரையில் நல்ல உழைப்பு தெரிந்தது. ஆனால் கூடவே போட்டிருந்த படம் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. பூமிக்கு அடியில் ஒரு பெரிய குகை, அதற்குள் ஒரு குழாய் இறங்குகிறது, குகை முழுக்கப் புகை மாதிரி வாயு நிரம்பியிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு ஒருவர், என்றைக்காவது இது வெடித்துக்கொண்டு வெளியே வந்துவிடும் என்று பயந்து எழுதியிருக்கிறார். இன்னொருவர், மேலே கெட்டியான பாறை மூடியிருக்கிறது, ஆயிரம் வருஷமானாலும் அசையாது என்று அடித்துச் சொல்கிறார். இரண்டு பேரும் அந்தக் குகையை மனதில் வைத்துக்கொண்டுதான் பேசுகிறார்கள். அப்படி ஒரு குகையே அங்கே கிடையாது.

பாறை ஆய்வகத்தில் பல வருஷம் வேலை பார்த்தவன் நான். ஆழ்துளையிலிருந்து எடுத்துவரும் உருளை வடிவப் பாறைத் துண்டுகளைக் கழுவி, உலர்த்தி, அளந்து, அவற்றுக்குள் திரவங்களைச் செலுத்திப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. அந்த அனுபவத்தில், இந்த விவாதத்தில் யாருமே தொடாத ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. பாறைக்குத் தண்ணீர் பிடிக்குமா, வாயு பிடிக்குமா என்பதுதான் அது. நனையும் தன்மை என்று சொல்வார்கள். சேமித்த வாயு அங்கேயே இருக்குமா, நகருமா என்பதில் பாதி இதை வைத்துத்தான் முடிவாகிறது.

முதலில் பாறையைப் பற்றி. மணற்கல் துண்டு ஒன்றைக் கையில் எடுத்தால் கல் மாதிரி கனமாகத்தான் இருக்கும். ஆனால் நன்றாகக் கழுவி உலர்த்திய துண்டின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், சொட்டு நிற்காது. கண்ணெதிரே உள்ளே இறங்கிவிடும், ஈரமான ஒரு கறை மட்டும் மிஞ்சும். மணல் துகள்களுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத இடைவெளிகள் அவ்வளவு இருக்கின்றன. நல்ல மணற்கல்லில் மொத்தக் கனஅளவில் ஐந்தில் ஒரு பங்குகூட இப்படி வெற்றிடமாக இருக்கும். ஆனால் ஆழத்தில் அது வெற்றிடமாக இருப்பதில்லை. கடல் தண்ணீரைவிடப் பல மடங்கு உப்பேறிய தண்ணீர் பல இடங்களில் லட்சக்கணக்கான வருஷங்களாக அதற்குள் அடைந்து கிடக்கிறது. நாம் செலுத்தும் வாயு அந்தத் தண்ணீரைத் தள்ளிவிட்டுத்தான் இடம் பிடிக்க வேண்டும்.

அதுவும் வாயுவாகப் போவதில்லை. வெப்பநிலை 31 டிகிரி செல்சியஸையும் அழுத்தம் காற்றழுத்தத்தைப்போல் 73 மடங்கையும் தாண்டிவிட்டால் கரியமில வாயு, வாயுவும் இல்லாமல் திரவமும் இல்லாமல் ஒரு நிலைக்கு வந்துவிடும். திரவத்தைப் போல அடர்த்தி, வாயுவைப் போல இளக்கம். சுமார் 800 மீட்டர் ஆழத்துக்குக் கீழே இந்த நிலை தானாகவே அமைந்துவிடுகிறது. அதனால்தான் எல்லாரும் 800 மீட்டர் என்று பேசுகிறார்கள். தரைக்கு மேல் 500 கனமீட்டருக்கு மேல் இடத்தை அடைக்கும் ஒரு டன் வாயு, அந்த ஆழத்தில் இரண்டு கனமீட்டருக்குள் அடங்கிவிடும். ஆனாலும் உப்புநீரைவிட அது லேசுதான். லேசான பொருள் மேலே ஏறத்தான் பார்க்கும். அதை எது நிறுத்துகிறது?

மேலே இருக்கும் மூடுபாறை நிறுத்துகிறது என்பார்கள். சரி. ஆனால் மூடுபாறை என்பது பாத்திரத்துக்குப் போட்ட மூடி மாதிரி துளையே இல்லாத பொருள் அல்ல. அது பெரும்பாலும் களிப்பாறை. அதிலும் துளைகள் உண்டு, மணற்கல்லின் துளைகளைவிட ஆயிரம் மடங்கு சின்னதாக, நானோமீட்டர் கணக்கில் (ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் நானோமீட்டர்). அந்தத் துளைகளிலும் தண்ணீர் நிரம்பியிருக்கிறது. வாயு உள்ளே நுழைய வேண்டுமானால் அந்தத் தண்ணீரை வெளியே தள்ள வேண்டும். பாறையோடு ஒட்டிக்கொண்டிருக்கும் தண்ணீர் லேசில் இடம் கொடுக்காது. அதாவது வாயுவைத் தடுத்து நிறுத்துவது கல் மட்டும் இல்லை, அந்தக் கல்லைப் பிடித்துக்கொண்டிருக்கும் தண்ணீரும்தான். தண்ணீரின் பிடி தளர்ந்தால், கல் அப்படியே இருந்தாலும் தடை குறைந்துவிடும்.

தாமரை இலைத் தண்ணீர் என்று நாம் பேச்சுக்குப் பேச்சு சொல்கிறோமே, அதுதான் இந்த முழு விஞ்ஞானமும். தாமரை இலையில் தண்ணீர் முத்தாக உருளும், ஒட்டாது. சுத்தமான கண்ணாடியில் அதே தண்ணீர் படர்ந்து பரவும். சொட்டின் ஓரம் பரப்போடு சேரும் இடத்தில் ஒரு கோணம் உண்டாகிறதல்லவா, பள்ளியில் சேர்கோணம் என்று படித்திருப்போம். அது பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தால் பரப்பு தண்ணீரை விரும்புகிறது என்று பொருள். 90 பாகையைத் தாண்டினால் தண்ணீரை ஒதுக்குகிறது. தாமஸ் யங் என்ற ஆங்கிலேய அறிஞர் 1805-லேயே இதை விளக்கிவிட்டார். பூமிக்கு அடியில் ஒரே ஒரு வித்தியாசம், தண்ணீரைச் சுற்றிக் காற்று கிடையாது, அழுத்தத்தில் இருக்கும் கரியமில வாயு இருக்கிறது. பாறைப் பரப்புக்காக இரண்டும் போட்டி போடுகின்றன.

இந்தக் கோணம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன், கஷ்டமான கணக்கு இல்லை. தண்ணீருக்கும் வாயுவுக்கும் இடையே உள்ள இழுவிசையை இரண்டால் பெருக்கி, கோணத்தின் கொசைன் மதிப்பாலும் பெருக்கி, துளையின் ஆரத்தால் வகுத்தால், வாயு அந்தத் துளைக்குள் நுழைய எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று வந்துவிடும். அந்த ஆழத்தில் இழுவிசை மீட்டருக்கு ஏறத்தாழ 30 மில்லிநியூட்டன். துளையின் ஆரம் 10 நானோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கோணம் பூஜ்யம் என்றால் 60 லட்சம் பாஸ்கல் வேண்டும், அதாவது காற்றழுத்தத்தைப்போல் சுமார் 60 மடங்கு. தண்ணீருக்கும் வாயுவுக்கும் அடர்த்தி வித்தியாசம் கனமீட்டருக்கு 400 கிலோ என்று எடுத்தால், அந்த மூடுபாறைக்குக் கீழே 1,500 மீட்டர் உயரத்துக்கு வாயு தேங்கி நின்றாலும் உள்ளே நுழைய முடியாது. இப்போது கோணத்தை மட்டும் 60 பாகைக்கு மாற்றுங்கள், தாங்கும் உயரம் பாதியாகிவிடும். 80 பாகைக்கு மாற்றினால் 270 மீட்டருக்கும் கீழே வந்துவிடும். பாறை அதேதான், துளை அதேதான், ஆழமும் அதேதான். கோணம் 90-ஐத் தாண்டிவிட்டால் தடுப்பு என்ற பேச்சே இல்லை, பாறையே வாயுவை உறிஞ்ச ஆரம்பித்துவிடும். துளை 10 நானோமீட்டருக்குப் பதில் 100 என்றால் இந்த எண்கள் எல்லாவற்றையும் பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். அப்போது கோணம் ஒவ்வொரு பாகை நகர்வதும் கவலைப்பட வேண்டிய விஷயமாகிவிடும்.

மூடுபாறையில் மட்டும் இல்லை, கீழே மணற்கல்லுக்குள்ளேயும் நனையும் தன்மை இன்னொரு பெரிய வேலை செய்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது. வாயுவைச் செலுத்துவதை நிறுத்திய பிறகு அது மெல்ல மேலே நகரும், அது விட்டுப்போன இடத்துக்குத் தண்ணீர் திரும்பி வரும். பாறை தண்ணீரை விரும்பும் பாறையாக இருந்தால், துளைகளின் மூலை முடுக்கெல்லாம் ஏற்கெனவே மெல்லிய தண்ணீர்ப் படலம் ஒட்டியிருக்கும். தண்ணீர் திரும்பும்போது அந்தப் படலம் தடிக்கும். துளையும் துளையும் சேரும் குறுகலான கழுத்துப் பகுதியில் நாலா பக்கமிருந்தும் தடித்து நெருக்கி, நடுவே நூல் மாதிரி ஓடிக்கொண்டிருக்கும் வாயுவைச் சட்டென்று துண்டித்துவிடும். துண்டான வாயு ஒவ்வொரு துளைக்குள்ளும் தனித்தனிக் குமிழாக மாட்டிக்கொள்ளும். ஒரு மில்லிமீட்டர் குமிழை மேலே தள்ளும் மிதப்பு விசையைவிட, அந்தக் கழுத்தைத் தாண்டத் தேவையான அழுத்தம் பல நூறு மடங்கு அதிகம். அதனால் அது எங்கேயும் போகாது. மூடுபாறையில் ஒரு விரிசல் இருந்தால்கூட இந்தக் குமிழ்கள் அசையாது. தண்ணீரை நன்றாக விரும்பும் மணற்கற்களில், துளை இடத்தில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை வாயு இப்படி மாட்டிக்கொள்வதைச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். சிறு பாறைத் துண்டை அழுத்தத்தில் வைத்து எக்ஸ்ரே படமெடுத்து, ஒவ்வொரு குமிழாக எண்ணக்கூட இன்று முடிகிறது. முதன்முறை அந்தப் படத்தைத் திரையில் பார்த்தபோது வெகுநேரம் அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். சாம்பல் நிறத் துகள்களுக்கு நடுவே கறுப்பு முத்துகள், ஒன்றையொன்று தொடாமல்.

பாறை தண்ணீரை அவ்வளவாக விரும்பாத பாறையாக இருந்தால் இந்தத் துண்டிப்பு நடக்காது, அல்லது குறைவாக நடக்கும். வாயு தொடர்ச்சியாகவே இருந்து மேலே ஏறிக்கொண்டிருக்கும்.

இனிமேல் சொல்லப்போவதற்காகத்தான் இந்தக் கடிதத்தையே எழுத உட்கார்ந்தேன். அந்தக் கோணத்தை எப்படி அளக்கிறார்கள்? தடித்த எஃகுக் கலம் ஒன்று, பக்கவாட்டில் நீலக்கல்லில் செய்த சின்ன ஜன்னல். உள்ளே மெருகேற்றிய குவார்ட்ஸ் தகடு, மணற்கல்லின் மணல் துகள்களில் பெரும்பாலும் இருக்கும் கனிமம்தான் குவார்ட்ஸ். கலத்தைச் சூடாக்கி, கரியமில வாயுவைச் செலுத்தி அழுத்தத்தை ஏற்றி, மேலிருந்து ஊசி வழியாக ஒரு சொட்டு உப்புநீரைத் தகட்டின் மேல் விட்டு, ஜன்னல் வழியாகப் படமெடுத்துக் கோணத்தை அளப்போம். கேட்கச் சுலபமாக இருக்கும். ஆனால் தகட்டை எப்படிக் கழுவினோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். ஒருமுறை காலையில் கிட்டத்தட்டப் படர்ந்து கிடந்த சொட்டு, மதியம் அதே தகட்டில், அதே அழுத்தத்தில், நன்றாக எழும்பி நின்றது. என்ன ஆச்சு என்று மண்டையை உடைத்துக்கொண்டோம். கையுறை போடாமல் யாரோ தகட்டின் ஓரத்தைப் பிடித்து எடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியாத விரல் எண்ணெய். அசிட்டோனால் துடைத்தும் போகவில்லை, மின்னேற்றிய வாயுவால் அழுக்கை நீக்கும் பிளாஸ்மா கருவியில் வைத்துச் சுத்தம் செய்த பிறகுதான் சொட்டு பழையபடி படர்ந்தது.

இது எங்கள் ஆய்வகத்தில் மட்டும் நடந்த கதை இல்லை. உலகம் முழுக்க வெளியான ஆய்வுகளில் ஒரே குவார்ட்ஸுக்கு, கிட்டத்தட்டப் பூஜ்யத்திலிருந்து 80 பாகைக்கு மேல் வரை கோணம் சொல்லியிருக்கிறார்கள். பரப்பில் ஒட்டிய அழுக்கு இதற்கு முக்கியக் காரணம் என்று பின்னால் ஆராய்ச்சியாளர்களே எழுதினார்கள். அதனால் தகட்டை இன்னும் சுத்தமாகக் கழுவுங்கள் என்ற பாடம் பரவியது. சோதனைக்கு அது சரியான பாடம்தான். ஆனால் பூமிக்கு அடியில் பாறையைக் கழுவி வைத்தது யார்? அங்கே ஒரு காலத்தில் செடி கொடிகளும் உயிரினங்களும் புதைந்து மக்கியதில் உண்டான கரிம அமிலங்கள் உப்புநீரில் கரைந்திருக்கின்றன. மிகச் சொற்ப அளவு இருந்தாலும் அவை கனிமப் பரப்பில் ஒட்டிக்கொண்டு, தண்ணீரை விரும்பிய பாறையை விரும்பாத பக்கம் தள்ளிவிடும் என்று சோதனைகள் காட்டுகின்றன. எண்ணெய் எடுத்து முடித்த பழைய வயல்களில் வாயுவைச் சேமிக்கலாம் என்கிறார்களே, அங்கே இது இன்னும் கூர்மையான கேள்வி. எண்ணெய் பல லட்சம் வருஷம் தொட்டுக்கொண்டிருந்த பாறையில் சில துளைகள் தண்ணீரை விரும்பும், சில எண்ணெயை விரும்பும். அப்படிக் கலப்பான சுண்ணாம்புக்கல்லில் குமிழாக மாட்டும் வாயுவின் அளவு தெளிவாகக் குறைகிறது. அழுத்தம் கூடக் கூடக் கோணமும் கூடுவதாகவும், தண்ணீரில் உப்பு கூடினாலும் அப்படியே என்றும் பல அளவீடுகள் காட்டுகின்றன. அதாவது ஆழமாகப் போனால் எல்லாமே நல்லதாகிவிடும் என்று சொல்ல முடியாது.

ஒரு சம்பவம் சொல்கிறேன், யார் என்ன என்பது வேண்டாம். வெளியிலிருந்து வந்த ஒரு வேலைக்காக வெவ்வேறு துண்டுகளில் வாரக்கணக்கில் அளந்தோம். கழுவிய துண்டில் ஒரு விடை, மேலே எடுத்து வந்தபடியே காற்றுப் படாமல் சுற்றிப் பாதுகாத்த துண்டில் வேறு விடை. இரண்டையும் எழுதி, இடைவெளி இவ்வளவு இருக்கிறது, பாதுகாத்த துண்டின் எண்ணையே கணக்கில் எடுங்கள் என்று குறிப்பும் வைத்து அனுப்பினேன். பிறகு அவர்களுடைய இறுதி அறிக்கையைப் பார்த்தேன். 'பாறை தண்ணீரை விரும்பும் தன்மை கொண்டது' என்று ஒரே ஒரு வரி. கோணம் பூஜ்யம் என்று வைத்துப் போட்ட கணக்கு. என் குறிப்பு எங்கேயும் இல்லை. போன் போட்டுக் கேட்டதற்கு, கணினி மாதிரிக் கணக்கில் ஒரு எண்ணுக்குத்தான் இடம் இருக்கிறது என்றார்கள். அன்றைக்கு வந்த கோபம் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. நூறு வருஷம், ஆயிரம் வருஷம் என்று பேசும் ஒரு வேலையில், அடித்தளமாக இருக்கும் எண்ணை இப்படியா முடிவு செய்வது?

இதைப் படித்துவிட்டு, அப்படியானால் இந்தத் திட்டமே வேண்டாம் என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம், நான் அந்தப் பக்கம் இல்லை. நார்வே கடற்பகுதியில் ஸ்லைப்னர் என்ற இடத்தில் 1996-லிருந்து இது நடக்கிறது, நெடுங்காலம் வருஷத்துக்கு ஏறக்குறைய பத்து லட்சம் டன் என்ற கணக்கில் கடலடி மணற்பாறைக்குள் செலுத்தி வந்தார்கள். மேலே இருக்கும் மூடுபாறை தாங்கி நிற்கிறது. ஆனால் அங்கேயும் கவனிக்க ஒன்று உண்டு. மணற்பாறைக்குள் நடுநடுவே மெல்லிய களிப்பாறை அடுக்குகள் இருந்தன. வாயு அவற்றின் அடியில் ஒன்பது அடுக்குகளாகத் தேங்கியதோடு, அவற்றைத் தாண்டி 1999-லேயே மணற்பாறையின் உச்சிக்கு வந்துவிட்டது என்று, ஒலி அலைகளைக் கீழே அனுப்பி எடுக்கும் நில அதிர்வுப் படங்கள் காட்டின. அந்த மெல்லிய அடுக்குகளை வாயு எப்படிக் கடந்தது என்று இன்றும் ஆராய்கிறார்கள். இது திட்டத்துக்குக் குறை இல்லை. தொடர்ந்து படமெடுத்துப் பார்த்ததால்தான் தெரிந்தது.

ஐஸ்லாந்தில் வேறு வழி. 2012-இல் கார்ப்ஃபிக்ஸ் குழுவினர் வாயுவைத் தண்ணீரில் கரைத்தே எரிமலைப் பாறைக்குள் அனுப்பினார்கள். இரண்டே வருஷத்துக்குள் 95 சதவீதத்துக்கு மேல் கல்லாகவே மாறிவிட்டது. வாயு தனியாக இல்லாததால் பாறை யாரை விரும்புகிறது என்ற கேள்வியே அங்கே எழவில்லை. ஆனால் ஒரு டன் வாயுவுக்கு 20 டன்னுக்கும் மேல் தண்ணீர் வேண்டும், பொருத்தமான பாறையும் வேண்டும். எல்லா இடத்திலும் நடக்கக்கூடிய காரியம் இல்லை.

நனையும் தன்மை ஒன்றுதான் எல்லாம் என்றும் நான் சொல்ல மாட்டேன். அல்ஜீரியாவில் இன் சாலா என்ற இடத்தில் 2004-இலிருந்து 38 லட்சம் டன் செலுத்திய பிறகு 2011-இல் நிறுத்தினார்கள். அங்கே கவலை, அழுத்தத்தால் பாறையில் விரிசல் வருமா என்பது. பழைய ஆழ்துளைகளின் சிமென்ட், நிலப்பிளவுகள் எல்லாம் தனிக் கதை. அவற்றைப் பற்றி உங்கள் கட்டுரையே ஓரளவு சொல்லிவிட்டது.

உங்களிடம் கேட்பது இதுதான். அடுத்த முறை ஏதாவது ஒரு சேமிப்புத் திட்டம் பற்றிச் செய்தி போடும்போது, அறிவிப்பவர்களிடம் எத்தனை கோடி டன் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். கோணத்தை எந்தப் பாறையில் அளந்தீர்கள், கடையில் வாங்கிய குவார்ட்ஸ் தகட்டிலா, அந்த இடத்திலேயே எடுத்த துண்டிலா என்று கேளுங்கள். அந்தத் துண்டைக் கழுவினார்களா, வந்தபடியே வைத்து அளந்தார்களா என்பதையும் கேளுங்கள். மூடுபாறையில் அளந்தார்களா என்று கட்டாயம் கேளுங்கள், ஏனென்றால் மணற்கல்லில் அளந்துவிட்டு மூடுபாறைக்கும் அதே எண்ணைப் போட்டுவிடுவது நடக்கிற காரியம்தான். அப்புறம், ஒரு எண்ணைக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளாமல், குறைந்தது எவ்வளவு, கூடியது எவ்வளவு, கூடிய எண்ணைப் போட்டால் மூடுபாறை எத்தனை மீட்டர் வாயுவைத் தாங்கும் என்றும் கேட்டு, வந்த பதிலை அப்படியே அச்சிடுங்கள். பதில் வைத்திருப்பவர்கள் சந்தோஷமாகச் சொல்வார்கள், எனக்குத் தெரிந்து நல்ல ஆய்வாளர்கள் இந்தக் கேள்விக்காகக் காத்திருக்கிறார்கள்.

அந்தக் குகைப் படத்தையும் தயவுசெய்து மாற்றிவிடுங்கள். பதிலுக்கு மணற்கல்லின் எக்ஸ்ரே படம் ஒன்றைப் போடுங்கள், துகள்களுக்கு நடுவே தண்ணீர் சூழ்ந்து தனித்தனியாக மாட்டிக்கொண்டிருக்கும் குமிழ்கள் தெரிகிற மாதிரி. பயந்து எழுதிய வாசகரும், அசையவே அசையாது என்று எழுதிய வாசகரும் அந்த ஒரு படத்தைப் பார்த்தால் போதும், அடுத்த கடிதத்தில் வேறு கேள்விகள் கேட்பார்கள்.

இப்படிக்கு,
பாறை ஆய்வகத்தில் வேலை பார்த்த ஒரு வாசகர்